ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்

போன வருஷம் கம்பெனி கேட்டது
நாற்பது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
இந்த வருஷக் கடிதத்தில் ஐம்பத்தைந்து.
காரணம் எழுதவில்லை.
பெட்ரோல் நிலையத்து ஸ்தூரேயிடம்
அதைக் காட்டியிருக்கக் கூடாது.
காட்டிவிட்டேன்.
அன்றிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை.

ஏரியைத் துளைத்துத் தடிமன் பார்ப்பது என் வேலை.
வடக்கு ஸ்வீடனில் ஜனவரிச் சூரியன்
வந்த மாதிரி வந்து போய்விடும்.
மைனஸ் முப்பத்தொன்றில்
மூக்குமயிர் முள்ளாகும்.
அப்போதுதான் வருவார்கள் ஜெர்மனிக்காரர்கள்,
மாற்றி வடித்த ஸ்போர்ட்ஸ் காரைக்
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சுழி சுழியாய்
ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு.
இடுப்பில் பொய்த் தகடு,
முதுகில் பொய்த் திமில்.
கண்ணை ஏமாற்றலாம்.
தடத்தை?

விடியுமுன் போய் மண்டியிட்டு அளந்தேன்.
இரண்டு தடத்துக்கும் நடுவே
துளைக்கோலைக் கிடத்தியும்
நான்கு விரற்கடை மிச்சம்.
பழைய வண்டிக்குக் கச்சிதமாய்ப் பொருந்திய கோல்.
ஆக, அகன்றிருக்கிறது.
நீளம், வளைந்து திரும்பியதைப் பார்த்தால்
ஒரு சாண் கூடியிருக்கலாம்.
கூடாமலும் இருக்கலாம்,
ஓட்டுகிறவர் கைவாகும் உண்டல்லவா.

"ஆயிரத்து எழுநூறு கிலோ, எழுதி வைத்துக்கொள்"
என்றான் ஸ்தூரே, வாயில் ஏலக்காய் ரொட்டியோடு.
பழையது ஆயிரத்து நானூற்றுப் பத்து.
தன் கல்யாண நாள் மறந்தாலும் இது மறக்காது.
"முன்பு அறுபத்துநாலு லிட்டர் குடிக்கும்.
நேற்று நாற்பத்தேழிலேயே பம்பு டக்கென்று நின்றது.
மிச்ச இடத்தில் என்ன வைத்திருப்பான்?
பாட்டரி.
பாட்டரி என்றால் பாரம்."

"டாங்க்கில் கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும்"
என்றாள் கலைமான் மேய்க்கும் ஆய்லா.
அவளுக்குக் காதுதான் சாட்சி.
"குன்றேறும்போது ஆறு சிலிண்டர்.
நான்கென்றால் தும்மும்,
இது தொண்டையைச் செருமியது.
ஆனால் நடுவில் கொஞ்ச தூரம்
ஒன்றுமே கேட்கவில்லை.
கண்ணெதிரே வண்டி போகிறது.
ஒரு மானும் தலை தூக்கவில்லை."

யாரும் காப்பியைத் தொடவில்லை சற்று நேரம்.

எட்டு சிலிண்டர் என்றான் மரலாரி ஹென்னிங்.
அவன் எதையும் எட்டு என்பான்,
மகளின் வயதைக்கூட.
"ஐம்பத்தைந்து காருக்கல்ல,
கூட வரும் பழுதுபார்க்கும் லாரிக்கு"
என்றாள் தபால்காரி குன்வோர், போகிற போக்கில்.
அது சரியாக இருந்துவிடுமோ என்று
எங்கள் எல்லோருக்கும் பயம்.

பிப்ரவரி முதல் செவ்வாய், இருட்டிவிட்டது.
கடைசித் துளையில் கோலை விட்டு நிற்கிறேன்.
பக்கத்தில் வந்து நின்றது அது.
என்ஜின் ஓடுகிறதா, தெரியவில்லை.
கண்ணாடி இறங்கியது.
உள்ளே மீட்டர்களின் மேலெல்லாம் கறுப்புத் துணி.
தொப்பியில்லாத ஒரு பெண்.
அடையாள அட்டையில் வீப்கே.
"இந்த இடம் எவ்வளவு தாங்கும்?"
"உங்கள் வண்டி எவ்வளவு?"
சிரித்தாள்.
அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவளுக்குத் தடை, வேலையில் சேர்ந்த அன்று போட்ட கையெழுத்து.
எனக்கு அப்படி எதுவுமில்லை.
துளைத்த இடத்தில் அறுபத்தொன்று.
துளைக்காத இடமெல்லாம்
நானும் ஊகம்தான்.

கண்ணாடி ஏறியது, போனாள்.
முதலில் சத்தமே இல்லை.
பிறகு காலடியில் ஏரி நீளமாய் முனகியது,
கரைவரை போய்த் திரும்பி வந்தது முனகல்.
பயப்பட வேண்டாம்,
கெட்டியான பனிக்கட்டி பேசும்.
அதன் பிறகுதான் என்ஜின் பிடித்தது.
காதால் எண்ணினேன்.
ஆறு.
இல்லை, ஆறு மாதிரி.

நோட்டில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.
அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே,
ஆயிரத்து அறுநூறு.
கேள்விக்குறி போடப் போனேன்,
பேனா உறைந்துவிட்டது.